கிரனாடா, கோர்டோபா, செவில் மூணும் ஒரே நாளில்: அம்மாவின் முட்டி தாங்குமா?

வில்லாபுரத்துப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 66, அம்மாவுக்கு 61. ரெண்டு பேரும் மே மாசம் மூணாவது வாரம் ஸ்பெயினுக்கு குரூப் டூர் போறாங்க. அழகர் ஆத்துல எறங்கி மலைக்குத் திரும்புன பிறகுதான் எந்த ஊருக்கும் வருவேன்னு அம்மா கறாரா சொல்லிட்டதால இந்தத் தேதி.

டூர்க்காரங்க கொடுத்த தாள்ல மத்த நாளெல்லாம் பரவாயில்ல. அஞ்சாம் நாளைப் படிச்சா எனக்கே மூச்சு வாங்குது. அப்படியே தர்றேன்: காலை 7.30க்கு கிரனாடா ஓட்டல்ல இருந்து பஸ். 10.30க்கு கோர்டோபா, அங்க மெஸ்கீத்தா (பள்ளிவாசலா இருந்து சர்ச்சானது), பழைய யூதர் தெரு. மதியச் சாப்பாடு சொந்தச் செலவு. 2.30க்குக் கிளம்பி 4.30க்கு செவில், கதீட்ரல், பிளாசா தே எஸ்பான்யா. 7 மணிக்கு ஃபிளமெங்கோ டான்ஸ். 9 மணிக்கு இந்திய ஓட்டல்ல ராச்சாப்பாடு. அதுக்கப்புறம் ரூம்.

அம்மாவுக்கு வலது முட்டி தேய்மானம். மீனாட்சி கோயிலுக்குப் போனாலே பொற்றாமரைக் குளத்துக்கிட்ட ரெண்டு தடவை உக்காந்துதான் சுத்தி வருவாங்க. முட்டைகூட சேத்துக்க மாட்டாங்க. இந்த நாள்ல எதை விட்டுடலாம்? இல்ல, அன்னைக்கு ஒருநாள் ரூம்லயே இருந்துக்கங்கன்னு சொல்லிரலாமா? போயிட்டு வந்தவங்க யாராவது சொல்லுங்க.

தல்லாகுளம் வாசி:

ரூம்ல இருக்க வழியே இல்லைங்க. தாளைத் திரும்பப் பாருங்க, காலைல கிரனாடா ஓட்டல், ராத்திரி செவில் ஓட்டல். பெட்டியோட பஸ்ல ஏறித்தான் ஆகணும். செவில் கதீட்ரல் கோபுரம் மட்டும் ஏற வேண்டாம்னு சொல்லுங்க. அது முதல்ல பள்ளிவாசல் கோபுரமா இருந்தது. படிக்கட்டுக்குப் பதிலா 35 சாய்தளம் வச்சுக் கட்டியிருக்காங்க, பாங்கு சொல்றவர் குதிரைல ஏறிப் போறதுக்காகன்னு சொல்வாங்க. சரிவுதானேன்னு ஆரம்பிச்சு நான் பாதியில நொந்து போயிட்டேன்.

ஸ்டியரிங் பெருசு:

தாயி, நான் 31 வருஷம் அரசு பஸ் ஓட்டுனவன். பாதிக்கு மேல ராஜபாளையம் லைன். கிளட்ச் மிதிச்சு மிதிச்சு இடது முட்டி போச்சு, ஆக உங்கம்மாவும் நானும் ஒரே கேஸ். போன அக்டோபர்ல மக பணம் கட்டி என்னையும் எங்க வீட்டம்மாவையும் ஸ்பெயினுக்கு அனுப்பி வச்சா. மொத்தம் 42 பேர். நீ எழுதியிருக்குற அஞ்சாம் நாள் எங்க தாள்லயும் அச்சு அசலா இருந்துச்சு.

எல்லாரும் கோட்டையைப் பாரு கோபுரத்தைப் பாருன்னு சொல்வாங்க. நான் பஸ்ஸைச் சொல்றேன். பஸ்ஸு புரிஞ்சா நாளு புரியும்.

அங்க டிரைவர் சீட்ல உக்காந்ததும் ஒரு கார்டை எடுத்து டேஷ்போர்டுல இருக்குற பெட்டிக்குள்ள சொருகுவான். டேக்கோகிராஃப்னு பேரு. எத்தனை மணிக்கு எடுத்தான், எவ்வளவு வேகம், எங்க நிறுத்தினான், எல்லாம் அதுல ஏறிடும். நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் நிறுத்தியே ஆகணும். ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல ஓட்டக்கூடாது, வாரத்துல ரெண்டு நாள் மட்டும் 10. எக்ஸ்பிரஸ் ரோட்டுலயும் 100ஐத் தாண்ட மாட்டான், வண்டியே தாண்ட விடாது. டபுள் டூட்டி பாத்துட்டு ஸ்டியரிங்ல தலையச் சாச்சுத் தூங்குன ஆளு நான். அந்தப் பெட்டியைப் பாத்ததும் எனக்கு நெஞ்சு என்னமோ பண்ணுச்சு.

இதுல உங்கம்மாவுக்கு என்னன்னு கேப்ப. அன்னைக்கு பஸ்ல போறது மொத்தமே அஞ்சு மணி நேரம்தான்: கிரனாடாவுல இருந்து கோர்டோபா மூணு, அங்கிருந்து செவில் ரெண்டு. அது முட்டிக்கு ஓய்வு. நடை பூராவும் நடுவுல கோர்டோபாவுல, அப்புறம் சாயங்காலம் செவில்ல. ஆக, காலைல பஸ்ல தூங்கச் சொல்லு, ஜன்னலைப் பாத்துக்கிட்டே வந்து களைச்சுப் போயிடக்கூடாது. பாக்க இருக்குறது ஆலிவ் மரந்தான். நம்மூரு தென்னந்தோப்பு மாதிரி இல்ல, மலை மேல, பள்ளத்துல, கண்ணு போற மட்டும் கயிறு பிடிச்சு நட்ட மாதிரி வரிசை வரிசையா. பக்கத்து ஹயேன் மாவட்டத்துல மட்டும் ஆறு கோடி மரத்துக்கு மேலயாம். பத்து நிமிஷம் பாத்தா எல்லாம் பாத்த மாதிரி.

இன்னொண்ணு. ராத்திரி பத்து மணிக்கு பஸ் நின்னா டிரைவருக்கு 11 மணி நேரம் ஓய்வு கொடுக்கணும்கிறது சட்டம். சில நாள் மட்டும் ஒன்பதாக் குறைச்சுக்கலாம். அதனால ஆறாம் நாள் எத்தனை மணிக்குக் கிளம்புதுன்னு பாரு. 9 மணின்னு போட்டிருந்தா கணக்குத் தெரிஞ்சவன் போட்ட தாள். 7 மணின்னு இருந்தா டூர்க்காரங்ககிட்ட இப்பவே கேளு. டிரைவரைத் தூங்க விடாத தாள்ல ஏறாதே, இதை நான் சொல்றேன்.

பஸ்ஸுக்குள்ள சில விஷயம். வாசப்படி வலது பக்கம் இருக்கும், அங்க வண்டியெல்லாம் வலது பக்கமாப் போறதால. முதல் ரெண்டு நாள் நாங்க அத்தனை பேரும் பஸ்ஸுக்கு இடது பக்கம் போயி வாசலைத் தேடுனோம். ரோடு தாண்டும்போது இதே பழக்கம்தான் ஆபத்து, முதல்ல இடது பக்கம் பாக்கணும். நடு வாசல் படி செங்குத்தா இருக்கும், அது வேண்டாம். முன்வாசல்ல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு பைய எறங்கச் சொல்லு. சீட்டை தினம் மாத்தி விடுவாங்க, முட்டி வலின்னு முன்கூட்டிச் சொன்னா முன்பக்கமே வச்சுக்குவாங்க. பஸ்ல கக்கூஸ் இருக்கும், ஆனா பூட்டியிருப்பான். வழியில நிறுத்துற கடையில போயிக்கணும், சில இடத்துல சில்லறை கேப்பான். அரை யூரோ, ஒரு யூரோ காசு கையில இருக்கட்டும். பெல்ட் போடலேன்னா அபராதம்.

இப்ப என் கதைக்கு வர்றேன். கோர்டோபாவுல ஆத்துக்கு அக்கரையில எங்களை எறக்கி விட்டாங்க. ரோமானியர் காலத்துப் பாலம், கால் கிலோமீட்டர் நீளம் இருக்கும், 16 வளைவு. இப்ப வண்டி விடுறதில்ல, நடைதான். நம்ம வைகை மேல இருக்குற ஏ.வி. பாலம் 1889ல கட்டினது, அதையே பெருமையாச் சொல்லிக்கிறோம். இது அஸ்திவாரம் போட்டு ரெண்டாயிரம் வருஷம், நடுவுல எத்தனையோ தடவை செப்பம் பண்ணியிருக்காங்க. கீழ ஆத்துல தண்ணி! குவாதல்கிவிர்னு பேரு, அரபில 'பெரிய ஆறு'ன்னு அர்த்தமாம். வைகைக்காரனுக்கு ஆத்துல தண்ணியைப் பாத்தா கால் நகராது. கரையோரம் பழைய தண்ணி ஆலை, பெரிய மரச் சக்கரம் ஒண்ணு. திரும்பி வரும்போது கைப்பிடிச் சுவத்துல சாஞ்சு அந்தச் சக்கரத்தைப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன். முன்னாடி போன கூட்டத்துல எங்க வீட்டம்மா இருந்தா. நான் டிரைவர்கிட்ட பேச்சுக் கொடுத்துக்கிட்டு இருப்பேன்னு அவ நெனச்சுக்கிட்டா. டூர் மேனேஜர் தம்பி தலையை எண்ணுறப்ப தன்னையும் சேத்து எண்ணிட்டான். கணக்கு சரியா வந்துருச்சு. பஸ் எடுத்துட்டாங்க!

31 வருஷத்துல எத்தனை பேரை விட்டுட்டுப் போயிருப்பேன். டீ குடிக்க எறங்குனவன், வெத்தலை வாங்கப் போனவன், கையாட்டிக்கிட்டே ஓடி வந்த கிழவி. கோர்டோபாவுல வெறும் ரோட்டுல நின்னப்ப அந்தக் கிழவி ஞாபகம்தான் வந்துச்சு.

பத்து நிமிஷத்துல பஸ் திரும்பி வந்துருச்சு. கண்டுபிடிச்சது யாரு தெரியுமா? டிரைவர். நான் ஒவ்வொரு நிறுத்தத்துலயும் ஏறுறதுக்கு முன்னாடி வண்டியை ஒரு சுத்து வந்து டயரை ஒரு ஒதை விடுவேன், கை பழக்கம் மாதிரி கால் பழக்கம். அவன் கண்ணாடியில அதைப் பாத்துச் சிரிப்பான். ரெண்டு பேருக்கும் பாஷை தெரியாது. அன்னைக்கு கிளம்பி ரெண்டு தெரு போனதும், "டயர் பெரியவர் இன்னைக்கு ஒதைக்கலையே"ன்னு தோணியிருக்கு. மேனேஜரைத் திரும்ப எண்ணச் சொல்லியிருக்கான்.

அதனால உங்கப்பாகிட்ட சொல்லு, டிரைவர் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணும். பஸ் நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்து வச்சுக்கட்டும். ஓட்டல் கார்டு சட்டைப் பையில. ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு சிம், ஒருத்தர் கையில மட்டும் போன் இருந்தா ஆகாது.

சிம்மக்கல் மாமி:

பெரியவரே, டயர் கதை படிச்சுட்டு வாய்விட்டுச் சிரிச்சேன், மன்னிக்கணும்.

பொண்ணே, சாப்பாட்டை நான் சொல்றேன், நானும் முட்டை தொடாதவதான். அங்க சைவம்னு சொன்னா டூனா மீன் போட்ட சாலட் கொண்டு வந்து வைப்பான். அவன் கணக்குல மீனு கறியில சேராது. கோர்டோபாவுக்கே பேர் போனது சால்மொரேகோன்னு ஒரு கெட்டித் தக்காளி சூப்பு, ஜில்லுன்னு இருக்கும். ஆனா மேல பன்னிக்கறித் துணுக்கும் அவிச்ச முட்டையும் தூவித்தான் வரும், ரெண்டும் வேண்டாம்னு முதல்லயே சொல்லணும். காஸ்பாச்சோ பரவாயில்ல: தக்காளி, வெள்ளரி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், ரொட்டி. ரசத்தை ஐஸ்பெட்டியில வச்ச மாதிரின்னு எங்காத்துக்காரர் ஒரு வாய்க்கு மேல தொடல. தோர்த்தில்யான்னா சப்பாத்தின்னு நெனச்சுடாதீங்க, அங்க அது முழுக்க முட்டையும் உருளைக்கிழங்கும்.

உங்கம்மாவுக்குப் பிடிக்கக்கூடியது ரெண்டு. கோர்டோபாவுல கத்தரிக்காயைப் பொரிச்சு மேல கரும்புப் பாகு ஊத்தித் தருவா. மாவுல முட்டை உண்டான்னு மட்டும் கேட்டுக்கணும். செவில்ல கீரையும் கொண்டைக்கடலையும் சீரகம் போட்டு வதக்கித் தருவா, கண்ணை மூடிண்டு சாப்பிட்டா நம்மாத்துக் கூட்டு. ரெண்டுமே கடையில தொட்டுக்கற அளவுதான் வரும், ரெண்டு பிளேட் சொல்லிக்கணும். பையில பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் இருந்தா மீதியை சமாளிச்சுக்கலாம். புளிக்காய்ச்சலைக் கைப்பையில வச்சு ஏர்போர்ட்ல பறிகொடுத்தவ நான், பெட்டிக்குள்ள போடச் சொல்லுங்கோ.

வில்லாபுரத்துப் பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஐயா, உங்க பதிலை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன், ரெண்டு தடவை திரும்ப வாசிக்கச் சொன்னார். ஆறாம் நாள் 9.15னு போட்டிருக்கு, தப்பிச்சோம்! ஒரே ஒரு கேள்வி. ரெண்டு ஊர்ல ஒண்ணைத்தான் முழுசா நடந்து பாக்க முடியும்னா எது? கோர்டோபா மெஸ்கீத்தாவா, செவில் கதீட்ரலா?

ஸ்டியரிங் பெருசு:

மெஸ்கீத்தா. யோசிக்கவே வேண்டாம்.

முதல் காரணம் முட்டி. உள்ள பூராவும் சமதரை, வெயில் கிடையாது. கூட்டம் வெளியில தள்ளுமுள்ளா இருந்தாலும் உள்ள போனதும் கரைஞ்சு போயிடுது, அவ்வளவு இடம்.

ரெண்டாவது, மதுரைக்காரங்க பாக்க வேண்டிய இடம் அது. 785ல முதலாம் அப்துர் ரஹ்மான் ஆரம்பிச்ச பள்ளிவாசல், பின்னாடி வந்தவங்க ஒவ்வொருத்தரும் நீட்டிக்கிட்டே போயிருக்காங்க. 1236ல ஊர் கிறிஸ்தவ ராசா கைக்குப் போனதும் சர்ச்சாயிடுச்சு. இப்ப 856 தூண் நிக்குது. நம்ம ஆயிரங்கால் மண்டபத்துல 985. எங்க வீட்டம்மா கைடு சொன்னதும் "நம்மளதுதான் ஜாஸ்தி"ன்னு சத்தமாவே சொல்லிட்டா. அதோட விட்டாளா? இசைத்தூணா இருக்குமோன்னு ஒரு தூணை விரலால தட்டி காதை வச்சுப் பாத்தா. காவலுக்கு நின்ன பொண்ணு ஓடி வந்து தொடக்கூடாதுன்னு சைகை காட்டுச்சு. இவ அந்தப் பொண்ணுகிட்ட, "சும்மா கேட்டேன் தாயி, சத்தம் வரல"ன்னு தமிழ்லயே சமாதானம் சொன்னா.

ஆனா தூணைப் பக்கத்துல பாத்தப்பதான் எனக்கு விசயம் புரிஞ்சுச்சு. நாயக்கர் மகால் தூணை மூணு பேரு கை கோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. இங்க ஒல்லித் தூண், ஒரு ஆளு ரெண்டு கையால வளைச்சுடலாம். ஒண்ணு சாம்பக் கல், ஒண்ணு செங்கருப்பு, ஒண்ணுல வரி ஓடுது. ஒண்ணுக்கொண்ணு சோடி சேராது. ரோமானியர் கட்டடம், பழைய சர்ச்சு, அங்க இங்கன்னு இடிஞ்சு கெடந்ததை எல்லாம் கொண்டாந்து நட்டிருக்காங்க. நெட்டையும் குட்டையுமா இருந்ததை அடியில பீடம் வச்சும் மேல தலைக்கல்லு வச்சும் மட்டம் பாத்திருக்காங்க. அப்பவும் கூரைக்கு உயரம் பத்தல. என்ன பண்ணுனான்? தூணு மேல ஒரு வளைவு, அதுக்கு மேல இன்னொரு வளைவுன்னு ரெட்டையா ஏத்திட்டான். சிவப்புச் செங்கல்லும் வெள்ளைக் கல்லும் மாத்தி மாத்தி. ஒர்க்‌ஷாப்புல பழைய வண்டி பார்ட்டை எல்லாம் பொறுக்கி ஒரு பஸ்ஸை ரோட்டுக்கு அனுப்புவாங்களே, அந்தக் கை. எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுச்சு, கைடு வேற மாதிரி சொன்னாரு.

நடுவுல போனா சட்டுனு கூரை மேல ஏறுது, வெள்ளை வெளேர்னு. 1523ல ஆரம்பிச்சு பள்ளிவாசல் நடுவயித்துல ஒரு பெரிய சர்ச்சைக் கட்டியிருக்காங்க. எங்க கூட்டத்துல நல்லாருக்குன்னு பாதிப்பேரு, கெடுத்துட்டான்னு பாதிப்பேரு, பஸ்ல செவில் வரைக்கும் இதே சண்டை. நான் அந்த வெளிச்சத்துல அஞ்சு நிமிஷம் நின்னுட்டு திரும்ப இருட்டுப் பக்கமே வந்துட்டேன்.

வெளிய ஆரஞ்சு மரத்து முற்றம். உங்கம்மா அங்க உக்காரட்டும், மத்தவங்க யூதர் தெருவைச் சுத்தட்டும். அது பூராவும் உருண்டைக் கல்லு பதிச்ச சந்து, முட்டிக்கு எமன். பூந்தொட்டி மாட்டுன ஒரு சந்துல நின்னு போட்டோ எடுக்க அம்பது பேர் வரிசை. நான் போகல, நட்டமில்ல.

ஆரஞ்சுன்னதும் ஒண்ணு. கோர்டோபா, செவில் ரெண்டு ஊர்லயும் தெரு ஓரம் பூராவும் ஆரஞ்சு மரம். செவில்ல கீழ விழுந்த காயை எடுத்துக் கடிச்சுட்டேன். நாக்கு மரத்துப் போச்சு, சுத்த நார்த்தங்காய்! எங்க வீட்டம்மா மோந்து பாத்துட்டு, உப்புல ஊற வச்சா பழைய சோத்துக்கு ஆகும்னு ரெண்டை முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. அந்தக் காயைக் கப்பல்ல ஏத்தி இங்கிலாந்துக்கு ஜாம் காய்ச்ச அனுப்புவாங்களாம்.

உசிலம்பட்டி, இப்ப மாட்ரிட்:

பெரியவர் சொன்னதுல சேக்குறதுக்கு கொஞ்சம்தான் இருக்கு. அவர் போனது அக்டோபர், நீங்க மே. மே நடுவுல செவில்ல பொழுது சாயவே ராத்திரி ஒன்பதைத் தாண்டும். ஸ்பெயின் 1940ல கடிகாரத்தை ஜெர்மனி நேரத்துக்கு மாத்தினது, இன்னும் திருப்பி வைக்கல. அதனால 4.30க்கு செவில் போய்ச் சேருறது நம்ம கணக்குல உச்சி வெயில். தொப்பி, தண்ணி பாட்டில் கட்டாயம். குழாய்த் தண்ணியே குடிக்கலாம். கோர்டோபாவுல மே முதல் ரெண்டு வாரம் வீட்டு முற்றங்களைத் திறந்து விடுற பூத்திருவிழா, கூட்டம் பிதுங்கும். அழகர் புண்ணியத்துல நீங்க அதுக்கப்புறம் போறீங்க.

கதீட்ரலை வெளியில இருந்து பாத்தாப் போதும். ஆனா உள்ள கொலம்பஸ் சமாதி இருக்கு, ஸ்பெயினோட நாலு பழைய ராஜ்ஜியத்தைக் குறிக்கிற நாலு பேர் சவப்பெட்டியைத் தோள்ல தூக்கி நிக்கிற மாதிரி சிலை. அப்பாவுக்கு ஆசையிருந்தா அவர் மட்டும் போயிட்டு வரட்டும். வாசல்ல பொம்பளைங்க ரோஸ்மேரிக் கொத்தைக் கையில திணிச்சு ரேகை பாக்குறேன்னு நிப்பாங்க. கோயில் வாசல்ல கையில பூவை வச்சுட்டு காசு கேக்குறதேதான், கையை மூடிக்கிட்டு நடக்கணும். பிளாசா தே எஸ்பான்யா 1929 கண்காட்சிக்காகக் கட்டினது. அரைவட்டம் பூராவும் ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு ஓட்டுச் சித்திரத் திண்ணை, மொத்தம் 48. அம்மாவுக்கு உக்கார இடத்துக்குப் பஞ்சமே இல்ல.

முக்கியமா ஒண்ணு. அஞ்சாம் நாளுக்கு முந்தின நாள் கிரனாடாவுல அல்ஹம்ப்ராக் கோட்டை இருக்கும். டிக்கெட் ஆள் பேருல, உள் அரண்மனைக்கு நேரமும் குறிச்சிருக்கும். ஒரிஜினல் பாஸ்போர்ட் கையில இருக்கணும். ஓட்டல்ல வச்சுட்டு வந்து வாசல்லயே நின்ன சொந்தக்காரங்களைப் பாத்திருக்கேன்.

சாப்பாட்டுக்கு ஒரு வரி எழுதி வச்சுக்கங்க: "சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் உவேவோ". கறி இல்லாம, மீன் இல்லாம, முட்டை இல்லாம.

ஸ்டியரிங் பெருசு:

உசிலம்பட்டித் தம்பி, அந்த மலை மேல கருப்புக் காளை தகடு நிக்குமே, அதைப் பத்திச் சொல்லலையே. மாட்ரிட்டுல இருந்து கிரனாடா வர்ற வழியில பாத்தோம், ஓட்டு வீடு மூணை அடுக்குன உசரம் இருக்கும்.

உசிலம்பட்டி, இப்ப மாட்ரிட்:

ஆஸ்போர்ன் காளை, ஐயா. சாராயக் கம்பெனி விளம்பரமா ஆரம்பிச்சது. 14 மீட்டர் உயரம். ரோட்டோர விளம்பரத்தை எல்லாம் எடுக்கணும்னு சட்டம் வந்தப்ப சனங்க சண்டை போட்டு, 1997ல கோர்ட்டு அதை மட்டும் விட்டு வச்சுது.

ஸ்டியரிங் பெருசு:

அப்படியா. எங்க பஸ்ல பாலமேட்டுக்காரர் ஒருத்தர் இருந்தாரு. அதைப் பாத்துட்டு, "திமிலே இல்லையேப்பா, இதுல எதைப் பிடிச்சுத் தொங்குறது"ன்னாரு. அங்க காளையைக் கொன்னுதான் ஆட்டத்தை முடிப்பாங்கன்னு கைடு சொன்னதும் மனுசன் ராத்திரி வரைக்கும் யாரோடவும் பேசல.

வில்லாபுரத்துப் பொண்ணு:

எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிட்டேன். அம்மாவுக்கு மெஸ்கீத்தாவும் திண்ணையும், அப்பாவுக்கு கதீட்ரல், ரெண்டு சிம், புளிக்காய்ச்சல் பெட்டிக்குள்ள. அப்பா பக்கத்துல உக்காந்துக்கிட்டு ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொல்றார் ஐயா: சுத்தி வந்தா மொத்தம் எத்தனை டயர் ஒதைக்கணும்?

ஸ்டியரிங் பெருசு:

நம்மூரு பஸ்ஸுன்னா ஆறு. எங்களுக்கு அங்க வந்த நீள வண்டியில எட்டு: முன்னாடி ரெண்டு, அடுத்து நாலு, கடைசியா ஒரு அச்சுல ரெண்டு. உள்பக்க டயருக்குக் கால் எட்டாது, விட்டுடச் சொல்லு. செருப்புக் காலோட ஒதைக்க வேண்டாம், ஷூ போட்டுக்கட்டும்.